பழைய ஸ்பீக்கர் வியாபாரத்தில் கண்ட நாணயம்



நமது இதழில் விலை நிலவரம், வரிச் சட்டம், எடை அளவு முத்திரை ஆகியவை பற்றிப் பலரும் எழுதி வருகிறார்கள். நான் இம்முறை நம் கடைகளில் இல்லாத ஒரு சரக்கைப் பற்றி எழுத விரும்புகிறேன். வீட்டில் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கரைப் பற்றியது. அதுவும் புதியதல்ல; ஒருவர் வாங்கிப் பல ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு விற்கிற பழைய ஸ்பீக்கர். விருதுநகரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மிளகாய் வற்றலும் மல்லியும் மொத்தமாக விற்று வருகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கடைசிவரை படித்துவிட்டு முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2022-ஆம் ஆண்டு கோடையில் என் மகள் குடும்பத்தைப் பார்க்க அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள மினியாபொலிஸ் நகருக்குச் சென்று மூன்று மாதம் தங்கியிருந்தேன். என் மாப்பிள்ளைக்குக் கணினி வேலை. குடி, சிகரெட் எதுவும் கிடையாது. ஆனால் பாட்டுக் கேட்பதில் தீராத ஆசை. நான் அங்கிருந்தபோது அவர் ஒரு ஜோடி பழைய ஸ்பீக்கர் வாங்கினார். தம்மிடமிருந்த ஒரு ஜோடியை விற்றார். இரண்டு வியாபாரத்திலும் நான் உடனிருந்தேன்.

இது என்ன சரக்கு?

நாம் அறிந்த ஸ்பீக்கர் என்பது ஒரு மரப்பெட்டி. உள்ளே காகிதக் கூம்பு ஒன்று முன்னும் பின்னும் அசைந்து ஓசை எழுப்பும். நான் சொல்ல வந்தது அந்த வகையன்று. இதற்குப் பெட்டியே கிடையாது. பார்ப்பதற்குத் துணி போர்த்திய தட்டி போல நிற்கும். ஆறடி உயரம், இரண்டடி அகலம், ஒன்றரை அங்குலக் கனம். முதலில் பார்த்தபோது அறைக்குத் தடுப்பு வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். பிளேனர் ஸ்பீக்கர், அதாவது தட்டை வகை ஸ்பீக்கர் என்று இதைச் சொல்கிறார்கள்.

இதில் மூன்று வகை உண்டு. முதல் வகையில் மெல்லிய பாலியெஸ்டர் தாளின் மேல் நுண்ணிய கம்பிகளைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். பக்கத்தில் வரிசையாகக் காந்தங்கள் இருக்கும். கம்பியில் மின்சாரம் பாயும்போது தாள் முழுவதும் அதிர்ந்து ஓசை தரும். இரண்டாம் வகையில் துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே தாள் இருக்கும். அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் ஏற்றியிருப்பார்கள். மூன்றாம் வகையில் தாளே கிடையாது. காந்தங்களுக்கு நடுவே தொங்கும் அலுமினிய நாடாவே அதிரும். அது சமையலறை அலுமினியத் தாளைவிட மெல்லியது.

இவற்றில் பழம்பெருமை உடையது இங்கிலாந்தின் ஹண்டிங்டன் நகரில் பீட்டர் வாக்கர் என்பவர் உருவாக்கிய குவாட் ஸ்பீக்கர். 1957-இல் விற்பனைக்கு வந்து 1985 வரை தயாரிக்கப்பட்டது. இன்றும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பெயர் பெற்றது மேக்னபான். 3எம் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஜிம் வைனி என்பவர் 1969-இல் தொடங்கியது. அதன் தொழிற்சாலை மினியாபொலிஸுக்குப் பக்கத்திலேயே ஒயிட் பேர் லேக் என்ற ஊரில் இருக்கிறது. கான்சாஸ் மாநிலத்து மார்ட்டின் லோகனும் இந்த வரிசையில் வருவது.

பழையதை ஏன் வாங்குகிறார்கள்?

மேக்னபானின் சிறிய மாடல் ஒன்று 2019-இல் ஜோடி 650 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. பெரியவை பல ஆயிரம் டாலர். அவ்வளவு கொடுக்க முடியாதவர்கள் பழையதைத் தேடுகிறார்கள். பாதி விலை என்பதைப் பேச்சுக்குத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, வயது, நிலைமை, பழுது ஆகியவற்றுக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கிறார்கள்.

சரி, நல்ல சரக்கு என்றால் உடையவர் ஏன் விற்கிறார்? இது நியாயமான கேள்வி. பழுதானதால்தான் விற்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. இந்த ஸ்பீக்கருக்கு முன்பக்கமும் பின்பக்கமும் ஓசை வரும். ஆகையால் சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி வைக்க வேண்டும். ஆறடித் தட்டிகள் இரண்டு கூடத்தின் நடுவே நின்றால் வீட்டில் யார் பொறுப்பார்கள்? குழந்தை பிறந்தால் விற்கிறார்கள். சிறிய வீட்டுக்குப் போனால் விற்கிறார்கள். அதைவிடப் பெரிய மாடல் வாங்க ஆசைப்பட்டும் விற்கிறார்கள். இப்படித்தான் நல்ல சரக்கு சந்தைக்கு வருகிறது.

இதில் இடைத்தரகு பெரும்பாலும் இல்லை. உடையவர் கணினியில் விளம்பரம் செய்கிறார். படம் போடுகிறார். நிலைமைக்குப் பத்துக்கு எட்டு, பத்துக்கு ஒன்பது என்று மதிப்பெண்ணும் போடுகிறார். பெரிய மாடல் என்றால் அனுப்புவது பெரும் தொல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த அட்டைப்பெட்டி இல்லாவிட்டால் லாரியில் போட முடியாது. வழியில் உடைந்தாலும் சரியாகக் கட்டவில்லை என்று இழப்பீட்டைத் தட்டிக் கழித்துவிடுவார்கள். எனவே பலர் நேரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்றே விளம்பரத்தில் எழுதிவிடுகிறார்கள். பெட்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறவருடைய சரக்குக்கு அதனாலேயே கூடுதல் விலை கிடைக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத குறை

இந்தச் சரக்கின் சிக்கலே இங்குதான் இருக்கிறது. வெளியே துணி புதிதாக இருக்கும். மரச்சட்டம் பளபளவென்று இருக்கும். ஆனால் உள்ளே கம்பியைப் பிடித்திருக்கும் பசை, வெயில், வெக்கை, ஈரம் ஆகியவற்றால் ஆண்டுகள் செல்லச் செல்ல விட்டுப்போகும். கம்பி தாளைவிட்டு எழும்பினால் சில சுரங்களில் ‘ஜிர்’ என்று ஓர் அதிர்வு கேட்கும். ஜன்னல் ஓரம் வெயிலில் நின்ற ஸ்பீக்கர் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். மின்னழுத்தம் ஏற்றும் வகையில் வேறு குறை: அளவுக்கு மீறிச் சத்தம் வைத்தால் உள்ளே பொறி பறந்து தாள் ஓட்டையாகிவிடும்.

ஆகையால் விவரம் அறிந்தவர்கள் சில வழிகளைக் கையாளுகிறார்கள். தாழ்ந்த சுரங்களை ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டு, தட்டியருகே காதை வைத்து மேலிருந்து கீழ்வரை கேட்கிறார்கள். பின்புறம் டார்ச் அடித்துத் துணி வழியாகக் கம்பிகளைப் பார்க்கிறார்கள். இரண்டு தட்டிகளின் வரிசை எண்களும் ஒரே ஜோடியைச் சேர்ந்தவையா என்று சரிபார்க்கிறார்கள். காந்தம் இருப்பதால் இரும்புத் தூள் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று கவனிக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, செய்த நிறுவனம் இன்று உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அபோஜி என்றொரு அமெரிக்க நிறுவனம் அலுமினிய நாடா வகையில் மிகப் புகழ் பெற்றிருந்தது. அது 1999-இல் மூடப்பட்டுவிட்டது. அந்த ஸ்பீக்கருக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. ஆனால் பழுதானால் தனிப் பட்டறைகளைத்தான் நம்ப வேண்டும். மேக்னபான் நிறுவனமோ பழைய மாடல்களையும் வாங்கிப் பழுது பார்த்துக் கொடுக்கிறது. செய்தவர் கடை திறந்திருந்தால் பழைய சரக்குக்கும் விலை நிற்கும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

டுலூத் பயணம்

மாப்பிள்ளை வாங்க விரும்பியது மேக்னபான் 3.6 என்ற மாடல். புதிதாக விற்ற காலத்தில் ஏறக்குறைய 4,000 டாலர். இப்போது அந்த மாடல் தயாரிப்பில் இல்லை. வடக்கே 150 மைல் தொலைவில், சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள டுலூத் நகரில் ஒருவர் 1,100 டாலருக்கு விற்பதாக விளம்பரம் செய்திருந்தார். வாடகைக்கு ஒரு வேன் எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பினோம்.

விற்றவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மனைவி காலமான பின் சிறிய வீட்டுக்குப் போகிறார். எங்களை உட்கார வைத்தார். நல்ல பாட்டு ஏதாவது போட்டுக் காட்டுவார் என்று நினைத்தேன். நாம் என்றால் மூட்டையின் வாயைப் பிரித்து நல்ல வற்றலைத்தானே முதலில் அள்ளிக் காட்டுவோம்? அவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு தாழ்ந்த சுரத்தை மட்டும் ஒலிக்கவிட்டு, இடப்பக்கத் தட்டியின் கீழ்ப்பகுதியைக் காட்டி, “இங்கே காதை வைத்துக் கேளுங்கள்” என்று என்னையும் அழைத்தார். ‘ஜிர்’ என்று ஓர் அதிர்வு எனக்கே கேட்டது.

அதன் பிறகுதான் பாட்டு. பிறகு வாங்கிய பில்லையும், மாற்றுப் ஃபியூஸ்களையும், கிடங்கில் மடித்து வைத்திருந்த தொழிற்சாலைப் பெட்டிகளையும் எடுத்து வைத்தார். பழுது பார்க்க என்ன செலவாகும் என்று தொழிற்சாலையில் விசாரித்து ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தார்.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. மாப்பிள்ளையின் சட்டையை இழுத்து, “குறை இருக்கிறது என்று அவரே சொல்கிறார். ஆயிரத்துக்குக் கேளுங்கள்” என்று தமிழில் சொன்னேன்.

“குறையைக் கழித்துத்தான் மாமா அவர் விலையே போட்டிருக்கிறார். இன்னொரு முறை கழித்தால் நியாயமில்லை” என்றார் மாப்பிள்ளை. 1,100 டாலரையும் எண்ணிக் கொடுத்தார். மறுவாரம் அந்தத் தட்டியைத் தொழிற்சாலையில் ஒப்படைத்துச் சரிசெய்து வாங்கினார். மொத்தச் செலவு ஆசிரியர் தாளில் எழுதியிருந்த கணக்குக்குள்ளேயே முடிந்தது.

நான் சொன்ன யோசனை

இப்போது வீட்டிலிருந்த பழைய ஜோடியை விற்க வேண்டும். அது சிறிய மாடல். வலப்பக்கத் தட்டியில் ஒரே ஒரு சுரத்துக்கு லேசான அதிர்வு உண்டு. காதை ஒட்டி வைத்தால்தான் கேட்கும். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவர் ஒருவர் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

அவர் வருவதற்கு முன் நான் மாப்பிள்ளையிடம் சொன்னேன்: “கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் நாமாக ஏன் சொல்ல வேண்டும்? பார்த்து வாங்க வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு.” நாற்பது ஆண்டு வியாபாரம் செய்த அனுபவத்தில் சொன்ன யோசனை இது.

மாப்பிள்ளை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த டுலூத் வாத்தியார் அப்படி நினைத்திருந்தால் நம் கதி என்ன மாமா?” என்றார். எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

மாணவர் வந்ததும் மாப்பிள்ளை அந்தச் சுரத்தைத்தான் முதலில் போட்டுக் காட்டினார். குறையில்லாவிட்டால் 350 டாலர் சொல்லியிருப்பேன், இதற்காக 250 போட்டிருக்கிறேன் என்றார். மாணவர் நன்றாகக் கேட்டுவிட்டு, “வேறு ஏதாவது உண்டா?” என்றார். “வேறு ஒன்றும் இல்லை” என்றார் மாப்பிள்ளை. அவ்வளவுதான். அதற்குமேல் அவர் காதை வைத்துச் சோதிக்கவும் இல்லை. விலை பேசவும் இல்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போனார். ஒரு குறையைச் சொன்ன காரணத்தால், வேறு குறை இல்லை என்ற சொல்லையும் அவர் நம்பினார்.

1994-இல் நடந்தது

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

1994-இல் என்னிடம் 60 மூட்டை வற்றல் கேட்டு ஒரு மளிகை வியாபாரி ஆர்டர் கொடுத்தார். மலையடிவார ஊர்க்காரர்; பல ஆண்டு வாடிக்கை. எனக்கு வந்த லாரியில் தார்ப்பாய் கிழிந்து 8 மூட்டை மழையில் நனைந்துவிட்டது. காயவைத்தேன், ஆனால் நிறம் வெளுத்துவிட்டது. தனியாக விற்றால் அந்நாள் கணக்கில் இரண்டாயிரம் ரூபாய் நட்டம் வரும். அந்த 8 மூட்டையையும் மற்றவற்றோடு கலந்து அனுப்பிவிட்டேன். அவர் குத்தூசி விட்டுப் பார்க்கிற ஆள் அல்லர். என் பேச்சைக் கேட்டுச் சரக்கெடுக்கிறவர்.

அவர் சண்டைக்கு வரவில்லை. ஒரு கடிதமும் எழுதவில்லை. பாக்கிப் பணத்தை ஒரு ரூபாய் குறைக்காமல் டிராஃப்ட் எடுத்து அனுப்பினார். அதன் பிறகு என் கடைக்கு வரவேயில்லை. சந்தையில் போட்டி கூடிவிட்டது, அதனால்தான் வரவில்லை என்று எனக்கு நானே பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டேன்.

நல்ல சரக்கு ஏன் மறைகிறது?

இதைப் பற்றிப் பொருளாதாரத்தில் பெரிய ஆராய்ச்சியே நடந்திருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1970-இல் பழைய கார் விற்பனையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அங்கே பழுதை மறைத்து விற்ற காரை ‘லெமன்’, அதாவது எலுமிச்சம்பழம் என்பார்கள். 2001-இல் அவருக்கு வேறு இருவரோடு சேர்த்துப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

அவர் சொன்னதை நம் வழக்கில் சொல்கிறேன். எது நல்ல சரக்கு, எது பழுது என்று வாங்குகிறவருக்குத் தெரியாவிட்டால், அவர் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் கேட்பார். அந்த விலைக்கு நல்ல சரக்குக்காரருக்குக் கட்டுப்படியாகாது, அவர் ஒதுங்கிவிடுவார். பழுதுக்காரர் மட்டும் மகிழ்ச்சியோடு நிற்பார். இது தெரிந்ததும் வாங்குகிறவர் இன்னும் குறைத்துக் கேட்பார். இப்படியே போனால் சந்தையில் பழுது மட்டும்தான் மிஞ்சும். குறையை மறைக்கிறவர் ஒருவரை மட்டும் ஏமாற்றவில்லை. அந்தச் சரக்கை விற்கும் அத்தனை பேருடைய விலையையும் குறைக்கிறார்.

ஒருவர் முகத்தை ஒருவர் அறியாதவர்கள், 20 ஆண்டுப் பழைய ஸ்பீக்கரை ஆயிரம் டாலர் கொடுத்து வாங்குகிறார்கள் என்றால், பலர் குறையைச் சொல்லி விற்கிற பழக்கத்தை வைத்திருப்பதுதான் காரணம். அங்கேயும் ஏமாற்றுகிறவர் இல்லாமல் இல்லை. ஆனால் அப்படிப்பட்டவருடைய பெயர் அந்தச் சிறிய வட்டத்தில் சீக்கிரம் பரவிவிடுகிறது.

நாம் செய்ய வேண்டியவை

நம்மில் பலர் கடைக்குப் பழைய ஃப்ரீசர், பழைய மின்னணுத் தராசு, மாவு அரைக்கும் இயந்திரம் என்று வாங்குகிறோம், விற்கிறோம். அவற்றுக்கும் இதே முறை பொருந்தும்.

வாங்கும்போது பில்லைக் கேளுங்கள். வரிசை எண்ணைப் பாருங்கள். ஃப்ரீசரை ஐந்து நிமிடம் அல்ல, சில மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். உதிரிபாகம் கிடைக்கிறதா, பழுது பார்க்க ஆள் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். தராசு என்றால் முத்திரைச் சான்று இல்லாமல் கடையில் வைக்காதீர்கள். “என்ன குறை?” என்று வாய் திறந்து கேளுங்கள். விற்கிறவர் பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

விற்கும்போது குறையை முதலில் சொல்லுங்கள். அதற்கான தொகையைக் கழித்து விலை போடுங்கள். பில்லிலும் ஒரு வரி எழுதிவிடுங்கள். நனைந்த மூட்டையைத் தனியே அடுக்கி, தனி விலை சொல்லி விற்றால் அதற்கும் ஆள் வருவார். கலந்தால்தான் கெடுதல்.

ஊர் திரும்பியதும் ஒரு நாள் பேருந்து ஏறி அந்த மலையடிவார ஊருக்குப் போனேன். பெரியவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் மகன்தான் கல்லாவில் இருந்தார். நான் யார் என்று சொல்லி, 8 மூட்டை விவரத்தையும் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்பா உங்களைப் பற்றி எங்களிடம் ஒரு குறையும் சொன்னதில்லையே, அண்ணாச்சி” என்றார். காப்பி வாங்கிக் கொடுத்தார். என்னிடம் சரக்கு எடுப்பதாக அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது என் கிடங்கில் ஈரம் கண்ட மூட்டைகளுக்குத் தனி இடம் ஒதுக்கி, மூட்டையின் மேலேயே மையால் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். பில் போடுகிற பையனுக்கும் அதைக் குறிப்பிடும்படி உத்தரவு. இதை நான் 1994-லேயே செய்திருக்கலாம். இளம் வணிகர்கள் எனக்கு ஆன அளவுக்குக் காலதாமதம் செய்யாமலிருக்க வேண்டும் என்றே இதை எழுதினேன்.